பெரிய கோப்பு அப்லோடு: பஃபரைக் கூட்டுவதா, பாதையை மாற்றுவதா?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வர் அது. ஆசிரியர்கள் வீட்டிலிருந்தபடி வகுப்புக் காணொளிகளை ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை ஜிபி இருக்கும். அன்று எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஏற்ற, வரிசையாக 500 பிழை, அதாவது சர்வருக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்ற பதில்.

உள்ளே போய், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தேன். 40 ஜிபி டிஸ்க், 100 சதவீதம் நிரம்பியிருந்தது. எந்தக் கோப்புறை தின்றது என்று பார்க்க டியூ அடித்தால் 29 ஜிபிதான் கணக்கு வந்தது. மீதி 11 ஜிபி எங்கே போனது? எந்தெந்தக் கோப்புகள் திறந்திருக்கின்றன என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் அடித்த பிறகுதான் புரிந்தது. அப்ளிகேஷனுக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்டுகளை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் (nginx). அதன் வொர்க்கர், அதாவது வேலை செய்யும் ப்ராசஸ், திறந்து வைத்திருந்த கோப்புகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘டிலீட்டட்’ என்று இருந்தது. அப்லோடுக்காகத் தற்காலிகக் கோப்பு ஒன்றைத் திறந்த கையோடு அதன் பெயரை என்ஜின்எக்ஸ் டிஸ்கிலிருந்து அழித்துவிடும். கோப்பு திறந்திருக்கும்வரை இடம் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் கோப்புறையில் தெரியாது. வொர்க்கர் நடுவில் செத்தாலும் குப்பை மிஞ்சக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு இது. டியூவை மட்டும் நம்புகிறவருக்குத்தான் தலை சுற்றும்.

அந்த இரவே குழுவில் ஒருவர் சொன்னார்: “பஃபர் சைஸை 512 எம்பி ஆக்கிடலாம், டிஸ்குக்கே போகாது.” பஃபர் என்பது வருகிற தகவலைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் மெமரி. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. இதே யோசனையைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த சர்வரில் மெமரி மொத்தமே 4 ஜிபி. எட்டு அப்லோடுக்குத் தலா 512 எம்பி கொடுத்தால் அதுவே 4 ஜிபி. அவ்வளவையும் கொடுத்த பிறகும், ஒன்றரை ஜிபி கோப்பு 512 எம்பி பஃபருக்குள் அடங்காது; மறுபடி டிஸ்குக்குத்தான் போகும். மெமரியும் போய், டிஸ்கும் நிரம்பும்.

ஆகவே பஃபர் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வருகிற கோப்பு எங்கே தங்கவேண்டும் என்று முடிவு செய்யவேண்டும். மெமரியிலா, என்ஜின்எக்ஸின் டிஸ்கிலா, எங்கும் தங்காமல் நேராக அப்ளிகேஷனுக்கா, அல்லது நம் சர்வர் பக்கமே வராமல் வேறிடத்துக்கா? ஒவ்வொன்றிலும் பஃபர் எண்ணின் அர்த்தமே மாறிவிடுகிறது. இங்கே என்ஜின்எக்ஸை வைத்தே பேசுகிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்; அமைப்புக் கோப்பில் எழுதும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

முதலில், அந்த எண் என்ன செய்கிறது

கிளையன்ட் பாடி பஃபர் சைஸ் என்ற கட்டளைக்கு நாம் எதுவும் எழுதாவிட்டால், வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி சர்வரில் 8 கேபி. வேறு சில 64 பிட் இயந்திரங்களில் 16 கேபி. இரண்டு மெமரி பக்கங்கள் என்பது கணக்கு. வருகிற ரிக்வெஸ்டின் உடல், அதாவது அதில் வரும் கோப்போ படிவத் தகவலோ, அதற்குள் அடங்கினால் மெமரியிலேயே இருக்கும். அடங்காவிட்டால் தற்காலிகக் கோப்புக்குப் போகும்; பிழை லாகில் ‘எ கிளையன்ட் ரிக்வெஸ்ட் பாடி இஸ் பஃபர்டு டு எ டெம்பரரி ஃபைல்’ என்று ஒரு எச்சரிக்கை வரி விழும். பலர் இந்த வரியைப் பார்த்துத்தான் பயந்து பஃபரை ஏற்றுகிறார்கள். பெரிய கோப்புக்கு அந்த வரி வருவது இயல்பு. அது ஒரு கோளாறைச் சொல்லவில்லை.

கோப்பு பஃபரைவிடப் பெரியது என்று வைத்துக்கொள்வோம். பஃபர் நிறைந்ததும் உள்ளதை டிஸ்கில் கொட்டிவிட்டு, அதே பஃபரில் அடுத்த பகுதியைப் பிடிக்கும். 2 ஜிபி கோப்பை 8 கேபி பஃபரால் பிடித்தால் 2,62,144 முறை கொட்டவேண்டும். 1 எம்பி பஃபர் என்றால் 2,048 முறை. வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது, இல்லையா? ஒரு முறை கொட்ட 4 மைக்ரோசெகண்ட் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை லட்சம் முறைக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதே 2 ஜிபி, 20 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) அப்லோடு வேகத்தில் ஏறி முடிய 14 நிமிடம். குடத்தால் இறைத்தாலும் செம்பால் இறைத்தாலும், கிணறு ஊறுகிற வேகத்துக்கு மேல் தண்ணீர் கிடைக்காது. இங்கே ஊற்று என்பது ஆசிரியர் வீட்டு இணைய இணைப்பு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘அளவு மீறிவிட்டது’ என்று மறுக்கும் 413 பிழைக்கும் பஃபருக்கும் சம்பந்தமில்லை. அது கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற வேறு கட்டளையின் வேலை; எழுதாவிட்டால் 1 எம்பிதான் எல்லை. பின்னால் பிஎச்பி இருந்தால் அங்கே தனி எல்லைகள்: ஒரு கோப்புக்கு 2 எம்பி, படிவத்தை அனுப்பும் ஒரு போஸ்ட் ரிக்வெஸ்டுக்கு மொத்தம் 8 எம்பி. போஸ்ட் எல்லையைத் தாண்டினால் நிரலுக்குள் படிவத் தகவல் காலியாக வந்து நிற்கும், காரணம் பயனருக்குத் தெரியாது. தளத்துக்கு முன்னால் நின்று போக்குவரத்தை வாங்கி அனுப்பும் கிளவுட்ஃபிளேர் சேவையின் இலவசத் திட்டம் இருந்தால் 100 எம்பிக்கு மேல் அதுவே விடாது. பஃபரில் கை வைக்கும் முன் இந்த எல்லைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

வழி ஒன்று: என்ஜின்எக்ஸே முழுவதும் வாங்கி வைத்துக்கொள்வது

நாம் எதையும் மாற்றாவிட்டால் நடப்பது இதுதான். ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங் ‘ஆன்’ என்ற நிலை. கோப்பு முழுதாக வந்து சேரும்வரை பின்னால் இருக்கும் அப்ளிகேஷனுக்குச் செய்தியே போகாது. சேர்ந்ததும் உள் நெட்வொர்க் வேகத்தில் மொத்தமாகத் தள்ளிவிடும்.

இதன் அருமை மெதுவான இணைப்புகளில்தான் தெரியும். பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்மில் பத்து வொர்க்கர்தான் என்று வையுங்கள். பத்துப் பேர் மொபைலில் 14 நிமிட அப்லோடு செய்தால், இந்த ஏற்பாடு இல்லாத பட்சத்தில், பத்து வொர்க்கரும் அந்த 14 நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பதினோராவது ஆள் முகப்புப் பக்கத்தைக்கூடத் திறக்க முடியாது. பைத்தான் பக்கம், அப்ளிகேஷனை ஓட்டும் கூனிகார்னின் சாதாரண சிங்க் வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரே ரிக்வெஸ்டைப் பார்ப்பது) இன்னும் மோசம். 30 விநாடி அசைவில்லாமல் இருந்தால் அதன் தலைமை ப்ராசஸே அதைக் கொன்றுவிடும். அந்த மாதிரி அப்ளிகேஷனுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் சுவர் மாதிரி நின்று வாங்கிக்கொள்வதுதான் சரி.

விலை என்ன? டிஸ்க் இடம், அப்புறம் காத்திருப்பு. நம் கதையில் பின்னால் இருந்தது ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க். அது 2.5 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைத் தானும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும். பிறகு சேமிப்பிடத்துக்கு நகர்த்தும். இரண்டும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருந்தால் பெயர் மாற்றம்தான், நொடியில் முடியும். வேறு வேறு என்றால் முழு நகல். ஆக ஒன்றரை ஜிபி காணொளி ஒரு கட்டத்தில் மூன்று இடங்களில் நாலரை ஜிபியாக உட்கார்ந்திருக்கும். எட்டுப் பேருக்கு 36 ஜிபி. 40 ஜிபி டிஸ்க் எப்படித் தாங்கும்?

காத்திருப்பு என்பது பயனர் பார்வையில் இப்படி: பட்டை 100 சதவீதம் வந்துவிட்டது, அப்புறம் நகரவே மாட்டேன் என்கிறது. உலாவியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. உள்ளே இப்போதுதான் இரண்டாவது பயணம் தொடங்குகிறது. அது 60 விநாடியைத் தாண்டி, அப்ளிகேஷன் பதிலே சொல்லாமல் இருந்தால் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் வந்து, ‘பின்னாலிருந்து பதில் வரவில்லை’ என்ற 504 பிழை. பதினான்கு நிமிடம் காத்திருந்து ஏற்றிய ஆசிரியருக்கு அந்த இடத்தில் பிழை காட்டுவதைப் போலக் கொடுமை வேறு இல்லை.

இன்னொன்று, உள்நுழையாத ஒருவர் 2 ஜிபி அனுப்பினாலும் முழுவதையும் வாங்கிய பிறகுதான் அப்ளிகேஷன் ‘நீ யார்’ என்று கேட்கும். ஆத் ரிக்வெஸ்ட் என்ற மாட்யூலைப் போட்டால், உடலை வாங்கும் முன்பே அனுமதியைச் சரிபார்க்க முடியும். பெரிய அப்லோடு உள்ள தளத்தில் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

இந்த வழியில் பஃபர் எவ்வளவு? பெரிய கோப்பை மறந்துவிடுங்கள், அது எப்படியும் டிஸ்குக்குப் போகும். நம் தளத்தின் அன்றாடப் படிவங்களும் ஜேசான் ரிக்வெஸ்டுகளும் அடங்குகிற அளவு வைத்தால் போதும். நான் 128 கேபியில் தொடங்குவேன், அதிகம் போனால் 256. உடல் பஃபரைவிட ஒன்றேகால் மடங்குக்குள் இருந்தால் என்ஜின்எக்ஸ் சரியான அளவுக்கு மெமரி எடுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதால், விளிம்பில் இருக்கும் ரிக்வெஸ்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 3, 4 எம்பி மொபைல் படங்கள் தற்காலிகக் கோப்புக்குப் போவதைத் தடுக்கவும் முயலவேண்டாம். லினக்ஸின் பேஜ் கேஷ் அவற்றை மெமரியிலேயே பிடித்து வைத்திருக்கும். எழுதிய கையோடு படிக்கும்போது பெரும்பாலும் டிஸ்கைத் தொடக்கூடத் தேவையிருக்காது.

வழி இரண்டு: எல்லாவற்றையும் மெமரியிலேயே வைப்பது

பஃபரைப் பத்து, நூறு எம்பிக்கு ஏற்றுவது, அல்லது தற்காலிகக் கோப்புறையை டெம்ப்எஃப்எஸ் என்ற, மெமரியிலேயே இருக்கும் ஃபைல்சிஸ்டத்தில் வைப்பது. கோப்புகள் 5, 10 எம்பிக்குள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதும் தெரியும் என்றால் செய்யலாம். 10 எம்பி பஃபர், 200 பேர் என்றால் 2 ஜிபி. அந்த 200 என்பது நம் கையில் இல்லை என்பதுதான் சிக்கல். வேண்டுமென்றே மெதுவாக அனுப்புகிற ஒருவர் நூறு இணைப்பைத் திறந்து வைத்தால், அத்தனை பஃபரும் அவர் பிடியில் இருக்கும். கிளையன்ட் பாடி டைம்அவுட் 60 விநாடி இருக்கிறதே என்றால், அது இரண்டு வாசிப்புக்கு இடையிலான இடைவெளிக்குத்தான், மொத்த அப்லோடுக்கு அல்ல. 50 விநாடிக்கு ஒரு பைட் அனுப்புகிறவரை அது தொடாது.

தெரியாமலே இந்த வழிக்கு வந்துவிடுகிறவர்களும் உண்டு. டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பில் டெம்ப் கோப்புறை இயல்பாகவே மெமரியில்தான் இருக்கிறது, மொத்த மெமரியில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். பிஎச்பியும் ஜாங்கோவும் தற்காலிகக் கோப்பை அங்கேதான் வைக்கும். பழைய பதிப்பில் டிஸ்கில் விழுந்துகொண்டிருந்த ஒன்றரை ஜிபி, மேம்படுத்திய மறுநாள் மெமரியில் விழும். பதிப்பை மாற்றும் முன் அப்லோடு கோப்புறை எது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

பெரிய கோப்புகளுக்கு இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வழி மூன்று: வாங்க வாங்கத் தள்ளிவிடுவது

ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங் ‘ஆஃப்’. 2015இல் 1.7.11 பதிப்பில் வந்த வசதி. வருகிற பகுதிகளை உடனுக்குடன் அப்ளிகேஷனுக்கு அனுப்பிவிடும். தற்காலிகக் கோப்பு இல்லை. அனுமதி இல்லாதவரை அப்ளிகேஷன் முதல் பகுதியிலேயே மறுக்கலாம். ஆனால் பாதி அனுப்பிய பிறகு பின்னால் உள்ள சர்வர் விழுந்தால் அடுத்த சர்வருக்கு மாற்றிவிட முடியாது, அனுப்பியதை என்ஜின்எக்ஸ் வைத்திருக்கவில்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாங்கள் இதைத்தான் முதலில் முயன்றோம். சிங்க் வொர்க்கர் தாங்காது என்று தெரியும் என்பதால் அப்லோடுக்கு மட்டும் கோ மொழியில் ஒரு சின்ன சேவை எழுதினோம். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. கோப்போடு வரும் படிவத்தைப் பிரித்துத் தரும் பார்ஸ் மல்டிபார்ட் ஃபார்ம் என்ற வழக்கமான செயற்கூற்றை அழைத்தால், கொடுத்த மெமரி அளவுக்கு மேற்பட்டதை அது தன் பங்குக்குத் தற்காலிகக் கோப்பில் எழுதும். முன்வாசலில் டிஸ்கை மூடிவிட்டுக் கொல்லைவாசலில் திறந்துவிட்ட மாதிரி. மல்டிபார்ட் ரீடர் என்பதைப் பயன்படுத்தினால்தான் ஓட்டமாகப் படிக்கும்.

டிஸ்க் நிரம்புவது நின்றது. ஆனால் இரண்டு நாளில் வேறு புகார் வந்தது. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவருக்கு அப்லோடு 13 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை. முன்பு வேகமாகத்தான் போனது. சர்வர் சிங்கப்பூரில், அவர் சென்னையில். போய்வர 40 மில்லிசெகண்ட்.

காரணம், உலாவியும் சர்வரும் பேசுகிற நெறிமுறையின் இரண்டாம் பதிப்பான எச்டிடிபி 2இல் இருந்தது. அதில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு ஜன்னல் உண்டு. சர்வர் ‘வந்து சேர்ந்தது, இன்னும் அனுப்பு’ என்று சொல்லும்வரை உலாவி அனுப்பக்கூடிய அளவு அது. பஃபரிங் ‘ஆன்’ ஆக இருக்கும்போது என்ஜின்எக்ஸ் இந்த ஜன்னலை முழுதாகத் திறந்துவிடும். வருவதைக் கொட்ட டிஸ்க் இருக்கிறது. ‘ஆஃப்’ செய்தால் கொட்ட இடமில்லை, அதனால் பஃபர் அளவுக்குத்தான் ஜன்னலைத் திறக்கும். நம் பஃபர் 8 கேபி. எச்டிடிபி2 பாடி ப்ரீரீட் சைஸ் என்ற வேறொரு கட்டளை 64 கேபியைக் குறைந்தபட்சமாகப் பிடித்துவைத்திருப்பதால், ஜன்னல் 64 கேபி. 40 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை 64 கேபி என்றால் விநாடிக்கு 1.6 எம்பி, அதாவது 13 எம்பிபிஎஸ். கணக்கு அப்படியே பொருந்தியது. சட்டியில் எவ்வளவு இருந்தால் என்ன, அகப்பை அளவுக்குத்தான் வரும்.

பஃபர் எண் அப்லோடு வேகத்தை உண்மையிலேயே தீர்மானிக்கிற இடம் என் அனுபவத்தில் இது ஒன்றுதான். எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஊகம் தேவையில்லை: இணைப்பின் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கினால் போதும். 100 எம்பிபிஎஸ், 40 மில்லிசெகண்ட் என்றால் 500 கேபி. நாங்கள் அப்லோடு லொகேஷனுக்கு, அதாவது அமைப்புக் கோப்பில் அப்லோடு முகவரிக்கான பகுதிக்கு, மட்டும் 1 எம்பி வைத்தோம். அவருடைய வேகம் திரும்ப வந்தது. நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் 100 எம்பி மெமரிதான், தாங்கும். மொத்த சர்வருக்கும் பொதுவாக எழுதாமல் அந்த ஒரு லொகேஷனுக்குள் எழுதுவது முக்கியம்.

எச்டிடிபி 1.1இல் இந்தச் சிக்கல் வராது. அங்கே அதற்கு அடியில் இருக்கும் டிசிபி நெறிமுறையின் ஜன்னல் மட்டும்தான், அதை லினக்ஸே தேவைக்கு ஏற்பப் பல எம்பிவரை வளர்த்துக்கொள்ளும். சரி, அதனால்தான் பலர் கர்ல் என்ற கட்டளைக் கருவியை வைத்து எச்டிடிபி 1.1இல் சோதித்துவிட்டு ‘எங்கள் சர்வரில் வேகம் நன்றாக இருக்கிறதே’ என்கிறார்கள். சோதிக்கும்போது உலாவி பேசுகிற அதே பதிப்பில் சோதியுங்கள். கூடவே, பின்பக்கத்துக்குப் பேசும் ப்ராக்ஸி எச்டிடிபி வெர்ஷனை 1.1 என்று எழுதிவிடுங்கள்; 1.0 ஆக இருந்தால், மொத்த அளவைச் சொல்லாமல் துண்டு துண்டாக, சங்க்டு முறையில் வரும் உடலை ‘ஆஃப்’ போட்டிருந்தாலும் என்ஜின்எக்ஸ் சேமித்துத்தான் அனுப்பும்.

டாக்கர் ரெஜிஸ்ட்ரி (கன்டெய்னர் இமேஜ்களைச் சேமிக்கும் இடம்), பேக்கப் சேவை போல, அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் வேகமான நெட்வொர்க்கில் இருக்கும் இடங்களுக்கு இந்த வழி அழகாகப் பொருந்தும்.

வழி நான்கு: கோப்பைத் துண்டாக்குவது, அல்லது நேராகச் சேமிப்பகத்துக்கு அனுப்புவது

இதுவரை சொன்ன மூன்றிலும் தீராத ஒன்று இருக்கிறது. 1.4 ஜிபி ஏறிய பிறகு இணைப்பு அறுந்தால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. மின்சாரம் போய் ரூட்டர் அணைவதும், மொபைலில் டவர் மாறுவதும் நமக்கு அன்றாடம். எந்த பஃபர் எண்ணும் இதைச் சரிசெய்யாது.

உலாவியிலேயே கோப்பை நறுக்கி அனுப்பினால் தீரும். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்கென்றே இருக்கிறது. அறுந்தால், எதுவரை வந்தது என்று சர்வரிடம் கேட்டு அந்த இடத்திலிருந்து தொடரும். 8 எம்பி துண்டு என்றால், அறுந்தாலும் இழப்பு அதிகபட்சம் 8 எம்பி. வழி ஒன்றின் தொல்லைகளும் கூடவே போகின்றன. ஒவ்வொரு துண்டும் சின்ன ரிக்வெஸ்ட். பஃபரிங் ‘ஆன்’ இருந்தாலும் டிஸ்கில் ஒரு நேரத்தில் ஆளுக்கு 8 எம்பிதான் தங்கும், அப்ளிகேஷனுக்குத் தள்ள நொடிகூட ஆகாது, கிளவுட்ஃபிளேரின் 100 எம்பி எல்லையும் குறுக்கே வராது.

இன்னொரு வகை, அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்பகத்துக்கு முன்கூட்டியே கையெழுத்திட்ட (அதாவது ஏற்றும் அனுமதி உள்ளேயே இருக்கும்) முகவரியை உலாவிக்குக் கொடுத்துவிடுவது. கோப்பு நம் சர்வரைத் தொடாது. எஸ்3இல் ஒரே தவணையில் 5 ஜிபிவரை அனுப்பலாம். துண்டுகளாக அனுப்பும் மல்டிபார்ட் முறை என்றால் துண்டு குறைந்தது 5 எம்பி, கடைசித் துண்டு மட்டும் சிறிதாக இருக்கலாம், மொத்தம் 10,000 துண்டுகள் வரை. ஒவ்வொரு துண்டுக்கும் சேமிப்பகம் தரும் அடையாளமான ஈடேக் ஹெடர் உலாவிக்குத் தெரியும்படி, வேறு தளத்தின் பதிலைப் படிக்க அனுமதிக்கும் கோர்ஸ் அமைப்பில் எழுத மறந்தால் கடைசியில் துண்டுகளை ஒட்ட முடியாது, எங்களுக்கு அரை நாள் இதில் போனது. பாதியில் விட்ட அப்லோடுகளின் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து மாதாமாதம் கட்டணம் ஏறும். சில நாளில் தானே அழியும்படி லைஃப்சைக்கிள் விதி போடவேண்டும். அன்று டியூவுக்குத் தெரியாத கோப்புகளின் இன்னொரு வடிவம் இது.

நாங்கள் கடைசியில் நின்றது இங்கேதான். ஆசிரியர்களின் காணொளிகள் 16 எம்பி துண்டுகளாக நேராகச் சேமிப்பகத்துக்குப் போகின்றன. விடைத்தாள் படங்களும் பிடிஎஃப்களும் பழையபடி என்ஜின்எக்ஸ் வழியாக, பஃபரிங் ‘ஆன்’, பஃபர் 128 கேபி, மேல் எல்லை 50 எம்பி. என்ஜின்எக்ஸின் தற்காலிகக் கோப்புறையைத் தனியாக ஒரு 10 ஜிபி பார்ட்டிஷனில் வைத்தோம்; அது நிரம்பினாலும் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்காது. அந்த பார்ட்டிஷனுக்கு டிஎஃப் அடித்து, 70 சதவீதம் தாண்டினால் செய்தி அனுப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி க்ரானில் போட்டிருக்கிறோம்.